கிரகரி வாவியிலிருந்து கடல் ரெகட்டாவுக்கு: மலையகத்துப் பாய்ப்படகுப் புதியவர்களுக்கு

எனது படகு நுவரெலியாவுக்கு வந்தது மரக்கறி லொறியில். கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பேலியகொடைச் சந்தைக்கு இறங்கும் லொறிகள், மறுநாள் பெரும்பாலும் வெறும் பெட்டிகளோடு மலையேறும். அப்படி ஒரு லொறியில், பொல்கொட ஏரிக்கரையில் வாங்கிய பழைய லேசர் படகைச் சாக்குகளின் மேல் கவிழ்த்துப் போட்டு, அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று கொண்டுவந்து சேர்த்தோம். தலவாக்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது ஒரு பெரியவர் அதைத் தட்டிப் பார்த்து, "இது என்னா தம்பி, குளிக்கிற தொட்டியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்து, தாய்லாந்து வளைகுடாவில் நடந்த ஒரு சர்வதேச ரெகட்டாவில், அதாவது பாய்ப்படகுப் போட்டித் தொடரில், 48 படகுகளில் 39ஆவதாக வந்தேன். பெருமைப்பட்டுக்கொள்ளும் இடமில்லை. ஆனால் புதியவர் எங்கெங்கே இடறுவார் என்பது பின்வரிசையில் ஓடியவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். மலை வாவி சில விஷயங்களைக் கடற்கரைக்காரருக்கும் கிடைக்காத அளவுக்குக் கற்றுத்தரும். வேறு சிலவற்றை எத்தனை வருடம் ஓட்டினாலும் கற்றுத்தராது. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் போனேன். நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் நீச்சல்

தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. பீலியில் குளித்து வளர்ந்தவர்கள் நாம். ஆழத் தண்ணீர் என்றால் வீட்டில் பயம், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. உடுப்போடு 50 மீற்றர் நீந்தி, அதன்பிறகு பத்து நிமிடம் மிதக்க முடிந்தால்தான் படகில் ஏறலாம் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். கண்டிக்கோ கொழும்புக்கோ போய்க் குளத்தில் பழக நேர்ந்தாலும் செலவைப் பார்க்க வேண்டாம். உயிர்காப்பு அங்கி உடம்போடு இறுக நிற்க வேண்டும். தோளைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு அல்ல.

நுவரெலியாத் தண்ணீரின் குளிர் வேறு. காற்றும் சேர்ந்தால் விரல் மரத்துவிடும், கயிறு பிடிக்க வராது. ஈரம் காயாத பருத்தி உடுப்பு வேண்டாம். மெல்லிய செயற்கை நூல் உடுப்பும் அதன்மேல் காற்றுப் புகாத சட்டையும் போதும். கரையில் ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். எனக்கு என் தங்கச்சி இருந்தாள், கையில் போனும் பிளாஸ்கில் சாயத்தண்ணியுமாக.

எந்தப் படகு

பதினைந்து வயதுவரை ஒப்டிமிஸ்ட். 2.3 மீற்றர் நீளம், 35 கிலோ எடை. பெட்டி மாதிரி இருக்கும், லேசில் கவிழாது. அந்த வயதைக் கடந்தவர்களுக்கு, தனியாக ஓட்டுவதானால், இல்கா. 1970களின் தொடக்கத்தில் லேசர் என்ற பெயரில் வந்த அதே படகுதான். 2019இல் பெயர் மாறியது. கிளப்புகளில் இன்றும் லேசர் என்றுதான் சொல்வார்கள். உடல் 4.2 மீற்றர், 59 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், பாய்மரம் இரண்டு துண்டாகக் கழரும், அதனால்தான் மரக்கறி லொறியில் வந்தது.

ஒரே உடலுக்கு மூன்று பாய் உண்டு. இல்கா 4க்கு 4.7 சதுர மீற்றர், இல்கா 6க்கு ஏறத்தாழ 5.7, இல்கா 7க்கு ஏறத்தாழ 7. உங்கள் எடையைப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். 55 கிலோவுக்குக் கீழே என்றால் 4, அங்கிருந்து 70 வரை 6, அதற்கு மேல் 7. நான் 63 கிலோ. ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஓட்டுவது 7 என்பதால் ஆசைப்பட்டு ஒரு வருடம் பெரிய பாயோடு மல்லுக்கட்டினேன். காற்று ஏறும்போதெல்லாம் படகு என்னை ஓட்டியது.

ஒலிம்பிக் என்றதும் ஒரு விஷயம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், ஃபின் (Finn) என்ற வகைப் படகில் இலங்கைக்காகப் பாய் விரித்தவர் ரே விஜேவர்தன. பொறியியலாளர். மலைச்சரிவில் மண் அரித்துப் போகாமல் பயிர் செய்யும் முறைகளுக்காகப் பிற்காலத்தில் அதிகம் பேசப்பட்டவர். தமிழ் பேசும் பக்கம் பார்த்தால், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். வேலூர் விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இல்கா 7இல் வெண்கலம் வாங்கினார். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் இந்தப் பெயர்கள் உதவும்.

எங்கே பழகுவது

மலையில் இருந்துகொண்டே முதல் பாடம் படிக்க முடியாது. கீழே இறங்க வேண்டும். மொரட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரியில் படகுக் கழகம் இருக்கிறது. ஏரி மறைவாகக் கிடப்பதால் தென்மேல் பருவத்தில் கொழும்புக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் அங்கே ஓட்டலாம். திருகோணமலை இன்னொரு வழி. அங்கே மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. நானுஓயாவில் கோச்சி ஏறினால் கொழும்புக் கோட்டை வந்து சேர அரை நாளுக்கு மேல் போய்விடும், ஆகவே சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்து ஒதுக்குங்கள்.

அடிப்படை வந்த பிறகுதான் மலை வாவி. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டான கிரகரி வாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் அன்னப்படகும் ஜெட்ஸ்கியும் நிறைந்தது. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, விடிந்ததும் இறங்கி, கூட்டம் சேருமுன் கரையேறுவது என் வழக்கம். ஏப்ரல் சீசனில் அந்தப் பக்கமே போவதில்லை.

காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்கள் பார்க்க அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அவை மின் உற்பத்திக்கானவை. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. நீர்மட்டமும் நாளுக்கு நாள் மாறும். மவுசாக்கலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா பட்டணமே கிடக்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவர் அரை மீற்றர் தண்ணீருக்கடியில் நிற்கும் நாளில் உங்கள் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகை அதில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கவிழ்ந்து எழும்பப் பழகுங்கள்

முதல் மாதம் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும். கவிழ்ந்ததும் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, அதாவது மெயின்ஷீட்டை, தளர விடுங்கள். படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை எவ்வளவு கிட்டத் தெரிந்தாலும் சரி. அடிப்பக்கம் சுற்றிப் போய், நடுப்பலகையின் மேல் அதன் அடிக்குக் கிட்டவாக ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். முன்முனை காற்றைப் பார்த்திருந்தால் படகு சாதுவாக எழும்பும். காற்றுக்குக் குறுக்கே கிடந்தால் எழும்பிய வேகத்தில் உங்கள் பக்கமே மறுபடி விழும். இருபது தடவை செய்தால் கை தானாகச் செய்யும். கடலில் அலைக்கு நடுவே யோசித்துச் செய்ய நேரமிருக்காது.

மலைக்காற்று

கொழுந்து மலையில் நிற்பவர்களுக்குக் காற்று வருவது உடம்பில் படுமுன்னே தெரியும். எதிர் மலையில் டர்பண்டைன் மரங்கள் முதலில் அசையும், பிறகு கீழே புல், பிறகு நம் படங்கு. வாவியிலும் அதே கண்தான் வேண்டும். காற்றின் வீச்சு ஒன்று வரும்போது தண்ணீரின் மேல் கருத்த திட்டு ஒன்று விசிறி மாதிரி விரிந்து வரும். அதன் வலது ஓரத்தில் காற்று ஒரு திசை, இடது ஓரத்தில் இன்னொரு திசை. மலைகளுக்கிடையே வளைந்து வருவதால் கிரகரி வாவியில் ஒரே நிமிடத்தில் 30, 40 பாகை திரும்பும். இதில் பழகியவர் கடலில் திடீர் வீச்சுக்குத் தடுமாற மாட்டார். ரெகட்டாவின் இரண்டாம் நாள் மழைமேகம் ஒன்று வந்து வரிசையையே புரட்டிப் போட்டபோது, நான் ஒரே சுற்றில் பதினொரு படகுகளைத் தாண்டினேன். பக்கத்திலிருந்த சிங்கப்பூர்ப் பையன் திகைத்துப் போனான். எனக்கு அது ஒரு சாதாரண ஜூலை மாதக் காலை.

அதே பழக்கம்தான் மற்ற நாள்களில் என்னைக் கெடுத்தது. கடலில் காற்று 5, 10 பாகைதான் அசையும், அதுவும் மெல்ல. மலைக்காரன் கண்ணுக்கு அது ஒரு அசைவாகவே தெரியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். குறுக்கே 100 மீற்றர் இடைவெளியில் போகும் இரண்டு படகுகளுக்கு 10 பாகை மாற்றம் வந்தால், சரியான பக்கம் நிற்பவருக்கு ஏறத்தாழ 25 மீற்றர் இலாபம். ஆறு படகு நீளம். எனவே ஒரு திசைகாட்டி வாங்கிப் பாய்மரத்துக்கு முன்னால் பொருத்துங்கள். மலையில் அது தேவைப்படாது, ஆனாலும் எண்ணைப் பார்த்து ஓட்டும் பழக்கத்தை இங்கேயே தொடங்குங்கள்.

இன்னொன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். இங்கே காற்று ஐதானது. அடர்த்தி வெப்பக் கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே காற்றுமானியில் ஒரே வேகம் காட்டினாலும் பாயில் விழும் தள்ளு கீழே கூடுதல். "12 நொட் காற்று, இதெல்லாம் பழகினதுதான்" என்று இறங்கி, முதல் நாள் பாதி வழியிலேயே என் தொடை நடுங்கத் தொடங்கியது. படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத் தொங்குவதை ஹைக்கிங் என்பார்கள். வீட்டில் ஒரு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, காலை ஒரு பட்டியில் மாட்டி, நிமிடக்கணக்கில் சாய்ந்திருந்து பழகுங்கள். லயத்து வாசலில் நான் இப்படித் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து அம்மாயி வைத்தியரிடம் காட்டச் சொன்னார்.

அலையும் நீரோட்டமும் இங்கே கிடையாது. இவற்றுக்கு ஒரே வழி, போட்டிக்கு முன் குறைந்தது பத்து நாளாவது கடலில் ஓட்டுவதுதான். அலையில் ஏறும்போது முனையைச் சிறிது காற்றுப் பக்கம் திருப்புங்கள், முதுகில் இறங்கும்போது விலக்குங்கள். இதைக் காகிதத்தில் கற்க முடியாது. நீரோட்டத்தைப் பார்க்கப் போட்டி மிதவையின் கயிற்றையும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீரையும் கவனித்தால் போதும். மிதவைக்குப் பின்னால் வால் மாதிரித் தண்ணீர் கிழிந்து போகும் திசைதான் ஓட்டத்தின் திசை.

தொடக்கக் கோடு: தனியாகப் பழகும் முறை

நான் அதிகம் தோற்றது இங்கேதான். வாவியில் நான் ஒருவன். அங்கே 48 படகு ஒரு கோட்டில்.

படகுக்குப் பிரேக் இல்லை. கோட்டுக்குப் பின்னால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நின்று, நேரம் வந்ததும் பாய்ந்து போகத் தெரிய வேண்டும். இதைத் தனியாகவே பழகலாம். 5 லீட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றைக் காலியாக மூடி, கயிற்றில் கல் கட்டிப் போடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு படகு நீளத்துக்கு அப்பால் போகாமல் 60 செக்கன் நில்லுங்கள். பாயின் அடிப்பக்கத் தடியான பூமைக் கையால் வெளியே தள்ளிப் பாயில் காற்றை மறுபக்கம் ஏற்றினால் படகு பின்னேறும். பின்னேறும்போது சுக்கான் எதிர்மாறாக வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். கடைசி 8 செக்கனில் பாயை இழுத்து, படகைத் தட்டையாக்கி, முழு வேகத்தில் கேனைத் தாண்டுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை. அலுப்பான வேலைதான். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

விதிகள்

பாய்ப்படகுப் போட்டி விதிகளை உலக அமைப்பான வேர்ல்ட் செயிலிங் நான்கு வருடத்துக்கு ஒருமுறை திருத்தும். இப்போது நடப்பது 2025-2028 பதிப்பு. முழுவதும் மனப்பாடம் தேவையில்லை. முதலில் நான்கு போதும்.

காற்று உங்கள் இடப்பக்கமிருந்து வந்தால் நீங்கள் போர்ட் டாக்கில் இருக்கிறீர்கள். வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் ஸ்டார்போர்ட் படகுக்கு விலகுங்கள். ஒரே டாக்கில் இரண்டு படகு பக்கம் பக்கமாகப் போனால் காற்றுப் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் இருப்பவருக்கு விலக வேண்டும். மிதவைக்கு மூன்று படகு நீளத்துக்குள் முதலில் வந்தவருக்கோ உள்பக்கம் இருப்பவருக்கோ திரும்ப இடம் விட வேண்டும். இந்த நான்காவதில் நுணுக்கம் நிறைய உண்டு, முதல் வருடம் எல்லோரும் குழம்புவார்கள்.

தவறு செய்தால் உடனே விலகிப் போய் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. வெட்கப்படாமல் சுற்றுங்கள். சுற்றாமல் போய்ப் பிறகு முறைப்பாட்டில் தோற்றால் அந்தப் போட்டியே போய்விடும்.

தனியாகப் பழகும் மலைக்காரருக்கு விதி 42தான் கண்ணி. காற்றாலும் அலையாலும் மட்டுமே படகு ஓட வேண்டும்; உடம்பை ஆட்டியோ பாயை இழுத்திழுத்தோ துடுப்பு மாதிரிச் சுக்கானை அசைத்தோ படகைத் தள்ளக் கூடாது. வாவியில் காற்று செத்துப்போன காலைகளில் படகை ஆட்டி ஆட்டியே கரை சேர்ந்து பழகியவன் நான். அது பழக்கம் என்றே எனக்குத் தெரியாது. இரண்டாம் போட்டியில் விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால் நடுவர் மஞ்சள் கொடியை என்னை நோக்கிக் காட்டி, பாய் இலக்கத்தைக் கூப்பிடுகிறார். முதல் தடவைக்கு இரண்டு சுற்று. இரண்டாம் தடவை என்றால் அந்தப் போட்டியிலிருந்தே விலக வேண்டும். கரை சேர வேண்டுமானால் துடுப்பு வாங்குங்கள், ஆட்டிப் பழகாதீர்கள்.

ஆங்கிலம் வராது என்று தயங்குபவர்களுக்கு: தண்ணீரில் வேண்டிய சொற்கள் கைவிரல் எண்ணிக்கைதான். "ஸ்டார்போர்ட்" என்று கத்தினால் நீங்கள் விலக வேண்டும். "புரொடெஸ்ட்" என்ற சொல்லை அப்படியே சொன்னால்தான் முறைப்பாடு செல்லும். வேறு எப்படிக் கத்தினாலும் கணக்கில் வராது. மற்றதெல்லாம் கொடியும் ஊதல் சத்தமும்.

கடுதாசி வேலை: ஒரு வருடம் முன்னதாக

"குளத்துல ஓடுற படகுக்கு எதுக்குடா பாஸ்போட்டு?" என்று அம்மா கேட்டார். பாஸ்போட்டுதான் எனக்கு எல்லாவற்றிலும் நாள் பிடித்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ராமய்யா, அடையாள அட்டையில் ராமையா, பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொன்று. தோட்டத்தில் பிறந்த பலருக்கு இது தெரிந்த கதை. பிரதேச செயலகத்துக்கும் பதிவாளரிடமும் அலைந்து, சத்தியக்கடதாசி கொடுத்து, எல்லாம் ஒன்றாக மாதங்கள் ஆயின. கண்டியில் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை இருப்பதால் கடைசிக் கட்டத்துக்காவது பத்தரமுல்லைவரை போக வேண்டியதில்லை. விசா விதி அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்குமுன் பாருங்கள்.

பிறகு விளையாட்டுப் பக்கத்துக் கடுதாசிகள். பாஸ்போட்டில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் கொடுங்கள். உங்கள் படகு வகைச் சங்கத்தில் அங்கத்துவம் வேண்டும். வேர்ல்ட் செயிலிங் தளத்தில் ஓட்டுநர் இலக்கம் எடுக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பல போட்டிகள் கேட்கும். நாட்டுச் சங்கமான யாட்டிங் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்காவிடம் முதலிலேயே பேசுங்கள். தேசிய அணியாகப் போவதானால் விளையாட்டு அமைச்சின் அனுமதியும் தேவைப்படும், அது சங்கத்தின் வழியாகத்தான் நடக்கும். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ஓ.எல்., ஏ.எல். பரீட்சை நாள்களோடு மோதுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாப் போட்டிக்கும் முன்கூட்டியே ஒரு போட்டி அறிவித்தல் வரும், பிறகு ஓட்ட அறிவுறுத்தல்கள் வரும். இரண்டு ஆவணங்களையும் அச்சடித்து, கட்டணத் திகதி, வாடகைப் படகு, பாய் எழுத்துகள் இவற்றை அடிக்கோடிடுங்கள். இலங்கைப் பாயில் எஸ்.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும். சல்லிக் கணக்குப் போடும்போது நுழைவுக் கட்டணம், படகு வாடகை, விமானம், தங்குமிடம் இவற்றோடு வாடகைப் படகுக்கான காப்புப் பணத்தையும் சேருங்கள். அது திரும்பி வரும் காசுதான், ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டும்.

பையில் என்ன

படகைக் கொண்டுபோக மாட்டீர்கள். பழகிய மெயின்ஷீட், சுக்கான் நீட்டுத்தடி, திசைகாட்டி, ஒட்டும் நாடா இரண்டு சுருள், மெல்லிய கயிறு பத்து மீற்றர், சின்னக் கத்தி, நேரம் எண்ணும் கைக்கடிகாரம், நீளக்கை உடுப்பு, தொப்பி. நீட்டுத்தடியை விமானத்தில் ஏற்ற நீள அளவு பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கெட் பத்துக்குக் குறையாமல்: சுவட்டரில் வளர்ந்த உடம்புக்கு 33 பாகை வெயிலில் ஐந்து மணி நேரம் என்பது சாதாரணமில்லை. எனக்கு முதல் நாள் மாலை தலை சுற்றியதற்குக் காரணம் கடல் நோய் என்று நினைத்தேன். வெறும் தண்ணீர்த் தாகம்தான். முடிந்தால் போட்டிக்கு நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

வாடகைப் படகை வாங்கும் நேரம்

கையெழுத்துப் போடுமுன் போனை எடுத்து, படகை எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். அடிப்பக்கம், நடுப்பலகையின் ஓரம், சுக்கானின் நுனி. நான் பிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்காகக் காப்புப் பணத்தில் ஒரு பகுதியை வாடகைக்காரர் பிடித்துக்கொண்டார். வாதாட என்னிடம் படம் இல்லை.

அடுத்து, பாய்மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் உடலுக்குள் கசிகிறது என்று அர்த்தம். வேறு படகு கேளுங்கள். பின்புறத் தக்கை இருக்கிறதா, காலை மாட்டும் பட்டியின் கயிறு நைந்திருக்கிறதா, கவிழ்ந்தால் சுக்கான் கழராமல் பிடிக்கும் கொக்கி வேலை செய்கிறதா. தக்கையை மறந்துவிட்டுப் போய்ப் பாதிக் கடலில் படகு கனப்பதை உணர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நான் அதைத் தப்பியது, தங்கச்சி காலையில் வாட்ஸ்அப்பில் "தக்கை?" என்று ஒரே ஒரு சொல் அனுப்பியதால்.

போட்டி நாள்

காலையில் முதல் வேலை அறிவித்தல் பலகை. இப்போது பெரும்பாலும் போனிலேயே வரும். கடலுக்குப் போகும்போதும் வந்ததும் பெயரில் கையெழுத்தோ வில்லையோ கேட்பார்கள். மறந்தால் புள்ளி வெட்டுவார்கள். களைத்துப் போய்க் கரையேறும் நேரத்தில்தான் மறப்பு வரும்.

கோட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை இரண்டு. கோட்டின் நடுவில் படகை நேராகக் காற்றுக்கு முகமாக நிறுத்திப் பாருங்கள். முனை எந்தப் பக்கத்துக்குச் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்றுக்கு அருகில். அடுத்து, கோட்டின் ஒரு முனைக்கு வெளியே போய், நடுவர் படகையும் கோட்டு முனை மிதவையையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து, அதற்குப் பின்னால் கரையில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். 48 படகுக்கு நடுவே கோடு கண்ணுக்குத் தெரியாது. புதியவர்கள் பயந்து பின்தங்கியே நிற்பார்கள். குறித்த மரம் இருந்தால் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும்.

ஐந்து நிமிடத்தில் வகைக் கொடி ஏறும், நான்கில் ஆயத்தக் கொடி, ஒரு நிமிடத்தில் ஒரு நீண்ட ஊதலோடு ஆயத்தக் கொடி இறங்கும், பூச்சியத்தில் வகைக் கொடி இறங்கும். ஆயத்தக் கொடி எது என்று பாருங்கள். யு கொடி என்றால் கடைசி நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடையிலான முக்கோணத்துக்குள் முனை போயிருந்தாலே தகுதி நீக்கம், திரும்பி வந்தாலும் பயனில்லை. தொடக்கத்தை ரத்துச் செய்து மறுபடி தொடங்கினால் மட்டும் பிழைக்கலாம். கறுப்புக் கொடி என்றால் அந்தப் பிழைப்பும் இல்லை. மூன்றாம் போட்டியில் யு கொடியை நான் பார்த்தேன், புரிந்தும் இருந்தேன், ஆனால் நீரோட்டம் என்னை மெல்ல முன்னே தள்ளுவதைக் கவனிக்கவில்லை. வாவியில் நின்ற படகு நின்ற இடத்தில்தான் இருக்கும்.

புள்ளிக் கணக்கு

முதலிடத்துக்கு 1, பத்தாமிடத்துக்கு 10; குறைந்த மொத்தம்தான் வெற்றி. தகுதி நீக்கம் என்றால் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று. எனக்கு ஆறு போட்டியில் 41, 38, 49, 36, 40, 31. அந்த 49 யு கொடிக்குரியது. மோசமான ஒன்றைக் கழிக்கலாம் என்பதால் 49ஐக் கழித்து மொத்தம் 186. கழிக்கும் வாய்ப்பு இரண்டாம் நாளே போய்விட்டதால், பிறகு வந்த மூன்று போட்டியையும் பயந்து பயந்து தொடங்கினேன். யு கொடி நாளில் அரைப் படகு பின்னால் நிற்பது நட்டமில்லை.

முறைப்பாட்டுக்குச் சொல்லை உடனே கத்த வேண்டும். 6 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை. கரையேறியதும் நேரக் கெடுவுக்குள் படிவம் எழுதிக் கொடுங்கள். விசாரணையில் பொம்மைப் படகுகளை மேசையில் நகர்த்திக் காட்டச் சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மெல்லப் பேசுங்கள், படகை நகர்த்துங்கள். என் ஒரே விசாரணையில் நான் பேசியது ஏழெட்டு வசனம். வென்றேன்.

திரும்பி வந்தபின்

கடைசிப் போட்டி முடிந்ததும் பிராக்கு பார்த்துக்கொண்டு நிற்காமல் வாடகைப் படகை நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி படம் பிடித்து, ஒப்படைத்த சீட்டை வாங்குங்கள். முடிவுப் பட்டியலை அன்றே இறக்கிக்கொள்ளுங்கள். பாடசாலைக்கோ வேலைத்தலத்துக்கோ விடுப்புக் காட்ட அது வேண்டும்.

உப்பு ஏறிய கயிறும் உடுப்பும் விமானப் பையில் இரண்டு நாள் கிடந்தால் விறைத்துவிடும், கப்பிகள் இறுகிவிடும். வீட்டுக்கு வந்த அன்றே பீலியில் எல்லாவற்றையும் அலசினேன். சோப்பு வேண்டாம், ஓடும் தண்ணீரில் ஊறவிட்டுக் கசக்கினாலே உப்பு போகும். மெயின்ஷீட் நீளமான கயிறு என்பதால் லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டிக் காயப் போட வேண்டியிருந்தது. அடுத்த காம்பிராக்காரர் அதில் தங்கள் போர்வையையும் போட்டார்கள். மிஸ்ட் இறங்கிய காலம், காய மூன்று நாள் ஆனது.